பித்தளை ஷெல் கேஸ் கிளீனிங், 5க்கு 4

மனைவியோட தாத்தா இங்கிலீஷ்காரர், அவர் விட்டுட்டுப் போன முதல் உலகப்போர் ஷெல் கேஸ (பீரங்கி குண்டோட பித்தளை உறை) லண்டன்ல ஒரு பழம்பொருள் கடையில குடுத்தோம். கடைக்காரர் நேரா அடிப்பக்கத்தத்தான் பாத்தாரு, பிரைமர் (உள்ள இருக்கற வெடிமருந்த பத்த வைக்கிற பாகம்) வெடிச்சு முடிஞ்சதான்னு செக் பண்ணிட்டு முத்திரைய படிச்சாரு: 18 பவுண்டர் பீரங்கி, 84 மி.மீ, 1916, அம்புக்குறின்னா பிரிட்டிஷ் அரசாங்க சொத்து, 'சி.எஃப்'னா கார்டைட்ங்கிற வெடிமருந்து ஃபுல் சார்ஜ். பிராஸோ பாலிஷ் போட்டு தேய்க்கவே விடல, சோப்புத்தண்ணி, சாஃப்ட் பிரஷ், மேல மெழுகு, அவ்ளோதான், பழைய கருப்பு போயிட்டா கலெக்டருங்க விலைய குறைச்சிருவாங்களாம். ஆனா முனையில குண்டு இன்னும் மாட்டியிருந்தா கடைக்கெல்லாம் தூக்கிட்டுப் போகாதீங்க, தொடாம இங்கிலாந்து அவசர நம்பர் 999க்கு போன் போடுங்க. கூலிதான் ஜாஸ்திங்க, அவசரப்படுத்தினா கோவம் வேற வருது அவருக்கு.