திருவொற்றியூரில் மூன்று வாரம்: ஊரில் நான் கண்ட சேவைகள்

சிங்கப்பூரில் பணிபுரியும் நான் 5 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 நவம்பரில் திருவொற்றியூருக்குச் சென்று, தேரடிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். பொருளாதாரம், போக்குவரத்து, தொலைத்தொடர்பு, பாதுகாப்பு என்று ஆண்டு நூல்களில் தனித்தனி அத்தியாயங்களாக அச்சிடப்படும் செய்திகள் வடசென்னையில் வீட்டு வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுகின்றன. அவை அங்கே குடியிருப்பவருக்கு எந்த அளவில் சேவையாக வந்து சேர்கின்றன என்பதை, கண்டவரையில் எழுதுகிறேன்.

முதல் நிறைவு மெட்ரோ ரயில். முன்பெல்லாம் விமான நிலையத்திலிருந்து திருவொற்றியூருக்கு வாடகைக் காரில் வருவதென்றால், விமானத்தில் கழிந்த நேரத்தில் பாதியையாவது சாலையில் கழிக்க வேண்டியிருந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டதால், இப்போது மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஏறியவர் எங்கும் மாறாமல் தேரடியில் இறங்கலாம். கட்டணம் 50 ரூபாய். பயணம் ஒரு மணி நேரத்தைச் சற்று ஒட்டி வந்தது. மின்தூக்கி இயங்கியது, அறிவிப்பு தெளிவான தமிழில் இருந்தது. இன்று நின்றிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே பழமையானது 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையம். வந்தே பாரத் ரயிலை 2018-இல் முதன்முதலாகக் கட்டி முடித்தது பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை. இரண்டையும் தன்னகத்தே கொண்ட பகுதிக்கு மெட்ரோ வருவதற்குத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வந்தபின் அது நன்றாகவே நடக்கிறது. அம்மா இன்னும் சாதாரணக் கட்டணப் பேருந்தைத்தான் விரும்புகிறார். 2021 முதல் பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை.

என்னை உண்மையில் சிரமப்படுத்தியது தொலைபேசி. நீண்ட நாள் பணம் போடாமல் விட்டதால் என் பழைய இந்திய எண் முடக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. அதன் முழு விளைவை மறுநாள் காலை தேரடித் தேநீர்க் கடையில்தான் உணர்ந்தேன். 15 ரூபாய்த் தேநீருக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டியபோது, "சில்லறை இல்லைண்ணா, ஸ்கேன் பண்ணிடுங்க" என்றார் கடைக்காரத் தம்பி. அவர் பக்கத்தில் இருந்த சிறு ஒலிபெருக்கி, மற்றவர்கள் செலுத்திய தொகையை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. பூ விற்கும் அம்மாளிடமும், காசிமேட்டில் மீன் கூறு போடுபவரிடமும் ஸ்கேன் செய்யும் அதே அட்டை தொங்கியது. கைப்பேசி வழியே வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்தும், 2016-இல் தொடங்கிய யுபிஐ முறை இவ்வளவு கீழ்வரை இறங்கியிருப்பது பெரிய சாதனை என்றே கருதுகிறேன். கடன் அட்டை ஒருநாளும் எட்டாத கைகளுக்கு அது எட்டியிருக்கிறது.

ஆனால் அந்த முறையின் சாவி கைப்பேசி எண். வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு உருளைப் பதிவு என எதைத் தொட்டாலும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே செல்கிறது. சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் எண்களைக் கொண்டே வெளிநாடுவாழ் இந்தியர் தம் கணக்கை யுபிஐ-யில் இணைக்கலாம் என்று 2023-இல் அனுமதி வந்திருந்தும், என் கணக்கு உள்ள வங்கியின் கிளையில் அதைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. புதிய சிம் வாங்கி, கடவுச்சீட்டின் நகலோடு நான்கு முறை ஏறி இறங்கி, எண்ணை மாற்றி முடிக்க 11 நாள் ஆயிற்று. ஊருக்குச் செல்ல எண்ணும் நண்பர்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே இந்திய எண்ணுக்கு அவ்வப்போது பணம் போட்டு உயிரோடு வைத்திருங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் முதல் தனிக் கடலடிக் கேபிள் 2002-லேயே 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு வந்து சேர்ந்துவிட்டது. அவ்வளவு தொலைவைக் கடந்த செய்தி, வங்கி மேசையின் அகலத்தைக் கடக்க 11 நாள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாலையைப் பற்றிச் சொல்ல மனம் கனக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் என்னும் வாயிலை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஓட்டுநர்கள் லாரிக்கடியிலேயே சமைத்து, அங்கேயே உறங்குகிறார்கள். இரு சக்கர வண்டியில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்மார்கள் அந்த லாரிகளுக்கும் கடற்சுவருக்கும் இடையிலான இடுக்கில் புழுதியோடு செல்கிறார்கள். துறைமுகத்தை மதுரவாயலோடு இணைக்கும் மேம்பாலச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டி, இடையில் பணி நின்று, 2022-இல் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். நான் சென்றபோதும் வேலை முடிந்திருக்கவில்லை.

நாட்டின் வணிகத்துக்கு இந்தக் கரை செய்வது சிறிதன்று. 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது, கார்கள் கப்பலேறுகின்றன. அந்த நிலக்கரியில் வல்லூர் அனல்மின் நிலையத்தில் மட்டும் 1,500 மெகாவாட் மின்சாரம் உற்பத்தியாகும். ஒரு காலத்தில் இராயபுரத்துக் கொடியில் காயப்போட்ட வேட்டியில் கரித்தூசி படியும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாளுவது நின்றபின் அந்தத் தூசி நீங்கியது. ஆனால் சுமை வடக்கே எண்ணூருக்கு நகர்ந்ததேயன்றிக் குறையவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதைச் சொல்லும்போது அங்குள்ள மீனவர்களின் குரல் ஓராண்டு கழிந்தும் தளர்ந்தே இருந்தது. நாட்டுக்கு மின்சாரமும் வருவாயும் தரும் ஊருக்கு நல்ல சாலையும் தூய காற்றும் முதலில் வர வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கையன்று.

பாதுகாப்புத் துறை எங்கள் வீட்டுக்கு உறவுமுறையில் வந்தது. சித்தப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கடைசல் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்; விஜயந்தா, அர்ஜுன் என்று டாங்கிகளின் பெயரைப் பேரப்பிள்ளைகளின் பெயரைப் போலச் சொல்வார். ஓய்வூதியம் தடையின்றி வர ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். இரும்பில் உழைத்து அவருடைய விரல் ரேகைகள் தேய்ந்துவிட்டதால், சென்ற ஆண்டு சேவை மையத்தில் கருவி அவரைப் பலமுறை ஏற்க மறுத்திருக்கிறது. இந்த முறை என் கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பதியும் செயலியை நிறுவி, அவரைச் சன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணை ஒருமுறை இமைக்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் பதிவாயிற்று. அவருடைய எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வந்த சான்று எண்ணை, ஓய்வூதியக் கோப்பின் உள் அட்டையில் சென்ற ஆண்டு எண்ணுக்குக் கீழே அவரே எழுதிக்கொண்டார்.