ஸ்டென்டுக்குள் திரும்பவும் அடைப்பு: டொக்டருக்கு 5 நட்சத்திரம், பில் கவுண்டருக்கு 1

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் பாதிக்குப் பிறகு திட்டப் போகிறேன். கொழும்பில் ஒரு தனியார் இருதயப் பிரிவு, அவ்வளவு போதும்.

அப்பாவுக்கு 68 வயது, பரந்தன் பக்கம் வயல், நீண்ட காலமாக நீரிழிவு. போன வருடம் மாரடைப்பு வந்து இருதயக் குழாயில் ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை, வரம்பில் நடக்கும்போதே நெஞ்சு இறுகத் தொடங்கிவிட்டது. ஸ்டென்டுக்குள்ளேயே ஒடுங்கியிருக்கலாம், திரும்ப அஞ்சியோ (இருதயக் குழாய்களைப் படம் எடுக்கும் சோதனை) பார்க்க வேண்டும் என்றார்கள் கிளினிக்கில். இதற்குள் கனடாவிலிருந்து சித்தப்பா, "அண்ணை, அமெரிக்காவில இதுக்கு ரேடியேஷன் குடுக்கிறாங்களாம், கேட்டுப் பாருங்கோ" என்று போன் எடுத்தார். எங்கள் பக்கம் ரேடியேஷன் என்றால் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான். கறண்ட் பிடிக்க (ரேடியேஷனை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) வேண்டுமாம் என்று அம்மா அழத் தொடங்க, அடுத்த வீட்டு ஆச்சி அப்பாவுக்குப் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டா.

சரி, நல்லதை முதலில் சொல்கிறேன். டொக்டர் தமிழில், அவசரப்படாமல், ஈசிஜி தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். ஸ்டென்ட், இரத்தக் குழாயின் சுவரைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் சுவரில் பட்ட காயம் ஆறும்போது சதை அளவுக்கு மீறி வளர்ந்து உள்ளே வந்துவிடும், நீரிழிவுக்காரருக்கு இது கூடுதல். "மதகுக்குள்ள புல்லு முளைச்ச மாதிரி எண்டு சொல்லுங்கோ" என்றார் அப்பா. டொக்டருக்கு அது பிடித்துவிட்டது. அப்படியென்றால் ரேடியேஷன் என்கிற கதிர் சிகிச்சை களைகொல்லி, ஐயா என்றார். ஸ்ட்ரோன்சியம் 90 அல்லது இரிடியம் 192 என்ற கதிர்வீச்சுப் பொருள் உள்ள மெல்லிய இழையை அந்த இடம்வரை கொண்டுபோய், சில நிமிடம் வைத்துவிட்டு வெளியே எடுத்துவிடுவார்களாம், உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது, 2003இல் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்ததும் கதிர் சிகிச்சையின் மவுசு இறங்கிவிட்டது. களைகொல்லி நெல்லையும் பதம் பார்க்குமே. குழாயின் உள்தோலும் வளரப் பிந்துவதால் மாதக்கணக்கில் கழித்தும் இரத்தம் கட்டியாகலாம், கதிர் பட்ட இடத்தின் இரு ஓரங்களும் ஒடுங்கலாம். அதோடு இருதய டொக்டர், கதிர் சிகிச்சை டொக்டர், கதிர் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும். இப்போது அமெரிக்காவிலும் சில இடங்களில் மட்டும், ஸ்டென்டுக்குள் ஸ்டென்ட் வைத்தும் அடைத்தவர்கள் போன்றோருக்குத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். "இங்கே நாங்கள் செய்வதில்லை, உங்களுக்கு இப்போது தேவையும் இல்லை" என்று முடித்தார்.

அடுத்த நாள் மணிக்கட்டு வழியாக மருந்து பூசிய பலூனை விட்டு விரித்தார்கள். அந்த மருந்து பக்லிடாக்சல், புற்றுநோய்க்குக் கொடுக்கிறதுதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இனித் திட்டு. முதலில் சொன்ன தொகைக்குள் பலூன் விலை இல்லை என்பதைத் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டுகிற நேரத்தில்தான் பில் கவுண்டரில் சொன்னார்கள். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் வந்து நிற்கிறவன் அந்த நேரம் யாரிடம் கடன் கேட்பது? காலை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, பின்னேரம் 4 மணிக்குத்தான் விட்டார்கள். மருந்துத் துண்டு முழுக்க ஆங்கிலம். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அஸ்பிரினையும் குளோப்பிடோகிரலையும் டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்பதை நாங்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள், அதுவும் போகிற போக்கில். பழைய ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு முதலில் சொல்ல வேண்டியதே அதுதானே! அப்புறம் வார்ட் சாப்பாடு, பரவாயில்லை ரகம்.

போகிறவர்கள் பலூன், ஸ்டென்ட் விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பழைய அஞ்சியோ சீடியையும் ஸ்டென்ட் அட்டையையும் மறக்காமல் கொண்டு போங்கள், நாங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய், தம்பி இரவு பஸ்காரரிடம் கொடுத்துவிட, விடிய 5 மணிக்குப் புறக்கோட்டையில் போய் நின்று வாங்கினேன்.