680 வெள்ளிக்கு ஒரு பழைய பெட்டி: வீட்டில் இரண்டாவது ரூட்டர் போடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

680 வெள்ளி (ரிங்கிட்). என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை லாரியில் ஒரு வாரம் முழுக்க ஓடினால் கையில் நிற்கிற காசு. அதை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கியூஆர் ஸ்கேன் செய்து நானே அனுப்பி வைத்தேன். நான் வாங்கியது என்ன என்பது நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. கடையின் பெயரைப் போடாதே என்று மகன் கெஞ்சுகிறான், அதனால் போடவில்லை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு கணினிக் கடை. கைப்பேசி உறை, பிரிண்டர் மை, பழைய மடிக்கணினி எல்லாம் விற்கிற வகை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எங்களுடையது தாமானில் ஒற்றை மாடி வரிசை வீடு. அடுப்படியைத் தாண்டிப் பின்னால் ஓர் அறையை இழுத்துக் கட்டியிருக்கிறோம். ஃபைபர் ரூட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. நடுவில் மூன்று செங்கல் சுவர். பின்னறைக்கு வரும்போது வைஃபை ஒற்றைக் கோடாகிவிடும். நான் ஈப்போவில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன், அந்தப் பின்னறையில்தான். மகனுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம், ஐந்தாம் படிவப் பரீட்சை. இரவு வகுப்பு இணையத்தில்தான். ஆளுக்கொரு பக்கம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தோம். கூட்டுக் காசு (சீட்டுப் பணம்) கைக்கு வந்ததும், சரி, இதை ஒரு வழி பண்ணிவிடலாம் என்று கிளம்பினேன்.

கடையில் இருந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் முருகன் படம், நெற்றியில் விபூதி. நான் பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே நிமிர்ந்து பார்த்தான். “அக்கா எந்தத் தோட்டத்து ஆளுங்க?” என்றான். சொன்னேன். “ஐயோ, எங்க பாட்டியும் அங்கதான்க்கா பால் வெட்டுனாங்க. ரெண்டாவது லயம், கோயிலுக்குப் பின்னாடி.” அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அந்த ரப்பர்த் தோட்டம் செம்பனையாகி, லயங்களை, அந்த வரிசைக் குடியிருப்புகளை, இடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த லயத்தைப் பற்றிப் பேச இன்று ஊரில் ஆள் இல்லை. ஒருத்தன் வாயில் அது வந்ததும் விலை கேட்கவே கூச்சமாகிப் போனது. இப்போது யோசித்தால், கோயிலுக்குப் பின்னால் லயம் இல்லாத தோட்டம் எது?

வீட்டுக்கே வந்து பார்த்தான். அம்மா காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பாட்டி, முட்டி வலியா?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். அம்மா முறுக்கு டின்னைத் திறந்து நீட்டினார். தேத்தண்ணி குடித்தான். அப்புறம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சாதா ரூட்டர் போட்டா வேஸ்ட்டுக்கா. மெஷ், வைஃபை 6 போட்டுடுவோம். கேபிளோட, கூலியோட 750. நம்ம தோட்டத்து ஆளு, 680 கொடுங்க போதும்” என்றான். மெஷ் என்றால் பல பெட்டிகள் ஒரே வைஃபையாக ஓடுவது, வைஃபை 6 என்றால் வைஃபையின் பிந்திய தலைமுறை. அந்த 70 வெள்ளித் தள்ளுபடிதான் என் வாயை அடைத்தது. மாடல் என்ன, பெட்டி எங்கே, புதுசா பழசா, ஒன்றும் கேட்கவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். அடுத்தவன் ரசீதில் ஐந்து காசு குறைந்தால் ஈப்போவுக்குப் போன் போடுவேன்.

சாயங்காலம் கேபிள் இழுத்தான். கறுப்பு நிறத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பின்னறையில் வைத்தான். அட்டைப்பெட்டி இல்லை. “டெமோ செட்டுக்கா, கம்பெனிலேருந்து நேரா வந்தது.” பெட்டியின் அடியில் கடையின் வாரண்டி ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. அப்புறம் அவனுடைய கைப்பேசியில் யூடியூப் போட்டுக் காட்டினான். தடங்கல் இல்லாமல் ஓடியது. “பார்த்தீங்களா?” என்றான். பார்த்தேன். பணம் அனுப்பினேன். ‘ரூட்டர் 1 செட், 680’ என்று ரசீது கொடுத்தான். அவன் கைப்பேசியில் ஓடியது அவனுடைய சொந்த டேட்டா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று ராத்திரியே ஆரம்பித்தது. பின்னறையில் வைஃபை நான்கு கோடு முழுசாகக் காட்டுகிறது, இணைந்துவிட்டது என்றும் சொல்கிறது, ஆனால் இணையம் இல்லை. அது போகட்டும் என்றால், அதுவரை ஒழுங்காக இருந்த முன்கூடமும் கெட்டுப்போனது. பத்து நிமிஷம் வரும், ஐந்து நிமிஷம் போகும். 680 வெள்ளி கொடுத்து, இருந்ததையும் தொலைத்த கதை.

ஞாயிற்றுக்கிழமை புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டேன். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா.” பண்ணினேன். திங்கட்கிழமை: “லைன் ப்ராப்ளம்க்கா, ஃபைபர் கம்பெனிக்குக் கூப்பிடுங்க.” கூப்பிட்டேன். புதன்கிழமை ஒரு மலாய்த் தம்பி வந்தார். முன்கூடத்து ரூட்டரின் பின்னால் இருந்து பின்னறைக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினார். இரண்டு நிமிஷத்தில் முன்கூடம் பழையபடி பறந்தது, 280 மெகாபிட் காட்டியது. எங்கள் லைன் 300. திரும்பச் செருகினார், செத்தது. “லைன் ஓகே, காக். யாங் பெலாகாங் து மசாலா,” பின்னால் இருப்பதுதான் தொல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெட்டியைத் தொடுவது அவர் வேலை இல்லை. நியாயம்தான்.

அதைக் கடைக்காரனிடம் சொன்னால், “அப்போ இடி இறங்கியிருக்கும்க்கா, இந்த மாசம் நம்ம பக்கம் மழை ஜாஸ்தி” என்கிறான். இடி இறங்கினால் விளக்கு எரியுமா? கோடு காட்டுமா? அதற்குப் பிறகு இரண்டு நீல டிக், பதில் இல்லை. நேரில் போனேன். கல்லாவில் புதுசாக ஒரு பெண். “போஸ் தாக் அடா, காக்,” முதலாளி இல்லை அக்கா என்றாள். மறுநாளும் போஸ் தாக் அடா. மூன்றாம் நாள் அவன் மோட்டார் சைக்கிள் கடை வாசலிலேயே நிற்கிறது, போஸ் மட்டும் தாக் அடா.

கடைசியில் ஒருநாள் குரல் பதிவு வந்தது. “அக்கா, பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊசியால பத்து செகண்ட் அழுத்துங்க. ரீசெட் ஆகிடும். இல்லாட்டி நான் வந்து பார்க்கணும், சர்வீஸ் சார்ஜ் 80.” என்னிடம் 680 வாங்கியவன் இன்னும் 80 கேட்கிறான்!

ஆனால் அந்த ஊசிதான் அவனுடைய குட்டை உடைத்தது. அழுத்தினேன். பெட்டி அணைந்து எரிந்தது. அவன் வைத்திருந்த வைஃபை பெயர் போய், வேறொரு பெயர் வந்தது: ஒரு ஃபைபர் கம்பெனியின் பெயரும் அதற்குப் பின்னால் நான்கு எண்களும். எங்கள் கம்பெனி கூட இல்லை, வேறு கம்பெனி. கடவுச்சொல் பெட்டியின் அடியில் அச்சடித்திருக்கும் என்று மகன் சொன்னான். அங்கேதான் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததே. நகத்தால் உரித்தோம். உள்ளே அந்தக் கம்பெனியின் சின்னம். 2016 என்று தயாரிப்பு வருஷம். கீழே மலாயில், பூக்கான் உந்துக் டிஜுவால். விற்பனைக்கு அல்ல.

சந்தா கட்டுகிறவர்களுக்குக் கம்பெனி சும்மா கொடுக்கிற பெட்டி. யாரோ வீட்டைக் காலி செய்தபோது தூக்கிப் போட்டது. வைஃபை 6 என்ற பெயரே 2018இல்தான் வந்தது. 2016இல் செய்த பெட்டிக்குள் அது எப்படி உட்காரும்?

படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: “ஸ்டிக்கரக் கிழிச்சிட்டீங்களேக்கா. வாரண்டி வாய்டு.”

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என் தாத்தா, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தோட்டத்தையே நாமே வாங்குவோம் என்று பால் வெட்டுகிறவர்கள் சேர்த்த காசு. அந்தக் கணக்கில் 680 வெள்ளி என்றால் 68 தடவை. ஒரு லயத்தின் பெயரைச் சொன்னதற்காக நான் மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி அண்ணன் மகள் கூப்பிட்டாள். ஈப்போவில் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். “அத்தை, கேமராவ ஆன் பண்ணுங்க, பெட்டி ரெண்டையும் காட்டுங்க” என்றாள். இருபது நிமிஷம். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். உங்கள் வீட்டில் பழைய ரூட்டர் சும்மா கிடந்தால் இதற்கு யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

வீட்டில் எந்தக் கருவி இணைந்தாலும் ரூட்டர் அதற்கு ஒரு முகவரி கொடுக்கும். கொடுக்கிற அந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரு வீட்டில் அதை ஒரே ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். இவன் பின்னறைப் பெட்டியில் அதை அணைக்கவே இல்லை. போதாததற்கு முன்கூடத்து ரூட்டரின் முகவரியும் 192.168.0.1, இந்தப் பெட்டியின் முகவரியும் அதே 192.168.0.1. ஒரே வீட்டு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? சில நேரம் சரியான வாசலுக்குப் போகும், சில நேரம் இந்தக் கறுப்புப் பெட்டிக்கு வரும். இதற்கோ வெளியே போக வழியே இல்லை. அதுதான் கோடு முழுசாக இருந்தும் இணையம் இல்லை. மகன் இன்னொன்றும் கவனித்திருந்தான்: அந்த முகவரியை உலாவியில் திறந்தால் ஒரு தடவை நீலப் பக்கம் வரும், இன்னொரு தடவை வெள்ளைப் பக்கம் வரும். வைரஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் சொன்னபடி முதலில் இரண்டு பெட்டிக்கும் நடுவே இருந்த கேபிளைப் பிடுங்கினோம். மடிக்கணினியைப் பின்னறைப் பெட்டியோடு மட்டும் கேபிளால் இணைத்து உள்ளே போனோம். அதன் முகவரியை 192.168.0.2 என்று மாற்றினோம். முன்கூடத்து ரூட்டர் 100க்கு மேல் உள்ள எண்களைத்தான் கருவிகளுக்குக் கொடுக்கிறதா என்று முன்பே பார்க்கச் சொன்னாள், அப்போதுதான் 2 யாரோடும் மோதாது. புது முகவரியில் திரும்ப நுழைந்து டிஎச்சிபியை அணைத்தோம். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முன்கூடத்தில் உள்ளது மாதிரியே வைத்தோம். சேனல் (வைஃபை ஓடும் அலைவரிசை) மட்டும் முன்னால் 1, பின்னால் 11. அப்புறம் கேபிளைத் திரும்பச் செருகினோம், இரண்டு பக்கமும் லேன் என்று போட்டிருக்கும் துளையில். தனி நிறத்தில் வேன் என்று ஒரு துளை இருக்கும் (ஸ்கூல் வேன் இல்லை), அதைத் தொடவே கூடாது. கடைக்காரன் உருப்படியாகச் செய்தது இந்த ஒன்றுதான், கேபிளை லேனில்தான் செருகியிருந்தான். மற்ற இரண்டு விஷயம் அவனுக்குத் தெரியவில்லையா, செய்ய நேரமில்லையா, எனக்குத் தெரியாது.

இப்போது வேலை செய்கிறது. முன்கூடம் பழையபடி. பின்னறையில் 35 மெகாபிட் வருகிறது. மகன் வகுப்புக்குப் போதும். ஆனால் இது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பெட்டி, கேபிள் துளையும் 100 மெகாபிட்டுக்கு மேல் தாண்டாது. நான் காசு கொடுத்த பொருள் இது இல்லை. இதே பெட்டியைப் பழசு விற்கிற இடத்தில் தேடிப் பார்த்தாள் அண்ணன் மகள். 35 வெள்ளி. கேபிளையும் கூலியையும் தாராளமாக 150 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் எங்கே போனது?

இன்று காலை கடைசியாக ஒரு முறை கேட்டேன். “எங்க வேணா போய்ச் சொல்லுங்கக்கா” என்று எழுதிவிட்டுத் தடுத்துவிட்டான்.

விவரமாக அறிவுரை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், மணி எட்டாகப் போகிறது, ஈப்போவிலிருந்து கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே சுருக்கமாக. சோதித்துப் பார்ப்பது உங்கள் கைப்பேசியில், டேட்டாவை அணைத்துவிட்டு, அதுவும் பணம் கொடுப்பதற்கு முன்னால். பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் கடை ஸ்டிக்கர் எதையாவது மறைத்தால் வாங்காதீர்கள். ரசீதில் மாடல் எண் எழுதச் சொல்லுங்கள், என் ரசீதில் இல்லாதது இப்போது எனக்கே இடிக்கிறது. புலன உரையாடலை அழிக்காதீர்கள். தோட்டத்தின் பெயர் சொன்னால், எந்த லயம், எந்தக் கங்காணி என்று நீங்களும் திருப்பிக் கேளுங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, வாங்கி மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். போராங் 1 (முதல் பாரம்) நிரப்பி 5 வெள்ளி கட்ட வேண்டும். மகன் பாரத்தை நேற்றே இறக்கி வைத்துவிட்டான். தொகை எழுதும் கட்டத்தில் 680 என்று போட்டிருந்தான், நான் அடித்துவிட்டு 685 என்று எழுதினேன். அந்த 5 வெள்ளியும் அவன்தான் கட்ட வேண்டும்.