சத்தம் வரவில்லை என்று சிபியுவைக் கடையில் கொடுப்பதற்கு முன்

வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால், தயவுசெய்து உடனே சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். தண்டையார்பேட்டையில் ஒரு சர்வீஸ் கடையில் எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை கடைப் பெயர் வேண்டாம். ஆனால் அவர்கள் பேசிய பேச்சைத் தெரிந்து வைத்துக்கொண்டால், வேறு எந்தக் கடையில் அதே பேச்சு வந்தாலும் சுதாரித்துக்கொள்ளலாம்.

என் மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பாட வீடியோ எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் பார்ப்பாள். பழைய மானிட்டரில் கோடு கோடாக வர ஆரம்பித்ததால் புதிது வாங்கினோம். பழையதற்கு விஜிஏ கேபிள், புதியதற்கு ஹெச்டிஎம்ஐ. மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது, ஸ்பீக்கரில் மட்டும் மூச்சில்லை. அதே ஸ்பீக்கரை போனில் சொருகினால் நன்றாகப் பாடியது.

கடைக்காரர் சிபியுவை உள்ளே எடுத்துப் போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் வந்தார். "சவுண்டு ஐசி போயிருச்சுக்கா. நீங்க காசிமேடு பக்கந்தானே? கடல் காத்து, உப்பு பிடிச்சு அரிச்சிருக்கு. ஐசி மாத்தணும். அதுலயும் சரியாவலன்னா போர்டுதான்" என்றார். ஐசி என்றால் சத்தத்தைக் கவனிக்கும் சின்ன சிப், போர்டு என்றால் அது ஒட்டியிருக்கும் மதர்போர்டு. ஜன்னல் கம்பி, சைக்கிள், ஃபேன் என்று எல்லாமே துருப்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைவிட நம்பும்படியாக ஒருவர் பேச முடியாது. 2,800 ரூபாய் கேட்டார். பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா ஜிஎஸ்டி ஏறும்க்கா" என்று சொல்லி, 'சவுண்ட் ஐசி மாற்றம் 2800' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார். போனிலேயே பணம் அனுப்பினோம். அவர் மேஜையில் வைத்து ஒரு பாட்டு போட்டுக் காட்டினார், கணீரென்று வந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் மறுபடியும் அதே கதை. போன் செய்தால், "அப்போ போர்டு போயிருக்கும்க்கா, ஐயாயிரம் ஆவும், எடுத்துட்டு வாங்க" என்கிறார். போதாக்குறைக்கு கம்ப்யூட்டர் முன்பைவிட மெதுவாகிவிட்டது. இரண்டு வீடியோ சேர்த்துத் திறந்தாலே திணறியது.

என் சித்தி மகன் ரிச்சி தெருவில் மதர்போர்டு சர்வீஸ் பார்க்கிறான். அவன் வந்து ஸ்குரூ டிரைவரைக்கூட எடுக்கவில்லை. திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினான். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று புது மானிட்டரின் மாடல் எண், இன்னொன்று 'ஸ்பீக்கர்ஸ், ரியல்டெக்'. ரியல்டெக் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சவுண்ட் ஐசியின் கம்பெனிப் பெயர். மானிட்டரின் பெயர் தேர்வாகியிருந்தது. இவன் ரியல்டெக்கைத் தொட்டான். சத்தம் வந்துவிட்டது.

அவன் விளக்கியது இதுதான். விஜிஏ கேபிளில் படம் மட்டும்தான் போகும். ஹெச்டிஎம்ஐயில் படமும் சத்தமும் ஒரே வயரில் போகும். எங்கள் மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது, ஆனால் பின்னால் ஹெட்போன் சொருகும் ஓட்டை இருக்கிறது. அதனால் விண்டோஸ் அதையும் ஒரு ஒலிக்கருவியாக எடுத்துக்கொண்டு சத்தத்தை அங்கே அனுப்பிவிட்டது. கம்ப்யூட்டரில் எந்தப் பழுதும் இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது அடுத்து அவன் சொன்னதைக் கேட்டுத்தான். "அக்கா, அந்தக் கடையில எந்த மானிட்டர்ல மாட்டினாங்க?" என்று கேட்டான். பழைய மானிட்டர், இரண்டு பக்கமும் திருகு வைத்த நீல முனைக் கேபிள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுதான் விஜிஏ. ஹெச்டிஎம்ஐ மாட்டாதபோது விண்டோஸ் தானாகவே ரியல்டெக்குக்குத் திரும்பிவிடும். அப்படியென்றால் அவர்கள் மேஜையில் வைத்து ஆன் செய்தபோதே சத்தம் வந்திருக்கும். சத்தம் வருகிற சிபியுவை வைத்துக்கொண்டுதான் வெளியே வந்து ஐசி போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். போர்டின் பின் ஓரத்தில், ஸ்பீக்கர் சொருகும் துளைகளுக்குப் பக்கத்தில், விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கருப்புச் சதுரம். அதன்மேல் ஏஎல்சி என்று ஆரம்பிக்கும் எழுத்துகள். அதுதான் சவுண்ட் ஐசி. அதை மாற்ற வேண்டுமென்றால் சூடான காற்றை அடித்துப் பழையதை எடுத்து, கால்களைச் சுத்தம் செய்து, புதியதை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். குறைந்தபட்சம் அந்த இடத்துத் தூசியாவது போயிருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஐசி மேலும் சுற்றிலும் வருஷக்கணக்கான தூசி ஒரே படலமாக அப்படியே படிந்திருக்கிறது. ஒரு விரல்கூட பட்டதற்கு அடையாளம் இல்லை. உப்பு அரித்த இடத்தையும் தேடினோம், எங்கும் இல்லை.

மெதுவானதற்கும் காரணம் கிடைத்தது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி, அதாவது ரேம், 4 ஜிபி என்று காட்டியது. வாங்கிய பில்லில் 8 ஜிபி. இல்லாத பழுதுக்குக் காசு வாங்கியதோடு, உள்ளே இருந்த ரேமையும் உருவிக்கொண்டு சின்னதைச் சொருகியிருக்கிறார்கள்.

ஆகவே, சத்தம் வரவில்லையென்றால் முதலில் அந்த அம்புக்குறியை அழுத்தி எந்தப் பெயர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். வெளி ஸ்பீக்கராக இருந்தால் பின்பக்கத்துப் பச்சைத் துளையில்தான் வயர் இருக்க வேண்டும். ரோஸ் நிறம் மைக்குக்கு. ஸ்பீக்கரைத் துடைக்கும்போது வயர் மாறிப்போவது சாதாரணமாக நடக்கிற விஷயம். யூடியூபில் மட்டும் வரவில்லை, மற்றதில் வருகிறது என்றால் வால்யூம் மிக்ஸரில் பிரவுசர் மியூட்டாகியிருக்கும். பட்டியலில் ரியல்டெக் பெயரே இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட்டுக்குப் பின் இப்படி ஆனால் டிரைவரை (ஐசியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) பழையதற்குத் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழுது உள்ளே இருக்கிறதா, விண்டோஸில் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டுவைப் பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் செய்து ஒரு பாட்டு போடச் சொல்லுங்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், விண்டோஸுக்கும் ஒன்றும் ஆகாது. அதில் சத்தம் வந்தால் ஐசி நன்றாகத்தான் இருக்கிறது. ஒருவேளை ஐசி நிஜமாகவே போயிருந்தாலும் அதற்காக யாரும் மதர்போர்டு மாற்ற வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது, சொருகினால் போதும். இதைச் சொல்லாமல் நேராக போர்டுக்குத் தாவுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் ரேம், ஹார்ட் டிஸ்க் அளவைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி உள்ளேயும் ஒரு போட்டோ. சத்தப் பிரச்சினை என்றால் உங்கள் மானிட்டரையும் கேபிளையும் சேர்த்தே எடுத்துப் போய், அதில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். எதை மாற்றினாலும் பழைய பொருளைக் கையில் கேளுங்கள்.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. செய்த வேலைக்குப் பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். இத்தனை சின்னத் தொகைக்கு எதற்கு அலைச்சல் என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளில்தான் இந்தப் பழைய கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. அவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

நாங்கள் போட்டோக்களோடு கடையில் போய் நின்றதும், "பையன் மாத்திப் போட்டுட்டான்க்கா" என்று 8 ஜிபி ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2,800 ரூபாயைத் தர மறுக்கிறார்கள். அந்த வாட்ஸ்அப் வரியையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்து 1915இல் பதிந்துவிட்டோம். கடை பதில் சொல்லவில்லையென்றால் அடுத்தது ஆணையத்தில் மனுதான். அந்தப் பக்கம் யாருக்காவது இதே ஐசி கதை சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், மூடியைக் கழற்றித் தூசியைத் தொடாமல் முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் நீங்களும் பதியுங்கள்.