இரண்டு பெட்டி, ஒரே மூளை: கேட்டலிஸ்ட் 9500 ஜோடி எப்படி?

கேட்டலிஸ்ட் 9500 என்பது சிஸ்கோவின் கோர் சுவிட்ச், அதாவது நெட்வொர்க்கின் மையச் சுவிட்ச். இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கும் ஸ்டாக்வைஸ் விர்ச்சுவல் வசதியில் இணைத்தால் இரண்டு கோர் சுவிட்சும் ஒன்றாகவே தெரியும். கீழே உள்ள ஆக்சஸ் சுவிட்ச் (பயனர் கருவிகள் இணையும் சுவிட்ச்) ஒவ்வொன்றிலிருந்தும் பெட்டிக்கொரு கேபிள், இரண்டும் ஒரே போர்ட் சேனல் (பல கேபிள்களை ஒரே இணைப்பாக்கும் கட்டு). நெட்வொர்க்கில் சுழல் பாதையைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இவற்றில் எந்த இணைப்பையும் அடைத்து வைக்காது; கேட்வேக்கு எச்எஸ்ஆர்பி (இரண்டு சுவிட்சுகள் ஒரே கேட்வே முகவரியைப் பகிரும் முறை) தேவையில்லை. இதற்காகவே வாங்கலாம்.

கோளாறு வருவது இரண்டு பெட்டிகளையும் பிணைக்கும் இடை இணைப்பில்தான். அது முழுதாக அறுந்தால் இரண்டுமே 'நான்தான் ஆக்டிவ்' என்று கிளம்பிவிடும். ஆகவே இடை இணைப்புக்குக் குறைந்தது 2 கேபிள், டூயல் ஆக்டிவ் டிடெக்‌ஷனுக்கு (இரண்டும் ஆக்டிவ் ஆனதைக் கண்டுபிடிக்க) தனியாக ஒரு கேபிள். எல்லாவற்றையும் ஒரே குழாயில் இழுத்துவிட்டு 'ரிடண்டன்சி' என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். பவர் சப்ளைகளும் வெவ்வேறு யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

நுழைவுக் கட்டுப்பாடு பரவாயில்லை ரகம், ஆனால் ஒரு பொறி உண்டு. மேனேஜ்மென்ட் போர்ட் தனி விஆர்எஃப்பில் (தனி ரூட்டிங் அட்டவணையில்) இருப்பதால், தொலைவிலிருந்து யார் நுழையலாம் என்று கட்டுப்படுத்தும் விடிஒய் ஆக்சஸ் கிளாஸில் 'விஆர்எஃப் ஆல்சோ' சேர்க்காவிட்டால் அந்த வழியாக வரும் எஸ்எஸ்எச் மறுக்கப்படும். டக்காக்ஸுக்கு (நுழைபவரைச் சரிபார்க்கும் சர்வர் முறை) பின்னால் 'லோக்கல்', அதாவது சுவிட்சிலேயே உள்ள கணக்கு, கட்டாயம் போடுங்கள். சர்வர் எட்டாதபோது மட்டுமே அது கைகொடுக்கும். தவறான பாஸ்வேர்டுக்கு அல்ல.