அம்மாவின் உடலில் ஒரு வெள்ளிக்கிழமை: 'ஃப்ரீக்கி ஃப்ரைடே' நாவல்

தாயும் மகளும் உடல் மாறிக்கொள்ளும் 'ஃப்ரீக்கி ஃப்ரைடே' கதையைச் சிங்கப்பூரில் பலரும் திரைப்படமாகவே அறிந்திருப்பார்கள். 1976இல் ஒன்று, 2003இல் ஒன்று, 2025இல் அதன் தொடர்ச்சியாக ஒன்று என்று டிஸ்னி நிறுவனம் இக்கதையை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மூலமான சிறுவர் நாவலை மேரி ராட்ஜர்ஸ் 1972இல் எழுதினார். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளுக்காக அங் மோ கியோ பொது நூலகத்தில் அந்நூலை இரவல் பெற்று, இரவுகளில் இருவரும் மாறி மாறி வாசித்து முடித்தோம். படங்களைப் பார்த்தவர்கள்கூட இதைப் புதிய கதையாகவே படிக்கலாம் என்பது என் கருத்து.

நியூயார்க் நகரத்தில் வாழும் 13 வயது அன்னபெல், ஒரு வெள்ளிக்கிழமை காலை கண் விழிக்கும்போது தன் தாயாக மாறியிருக்கிறாள். மந்திரக் கல்லோ சாபமோ இல்லை. 2003ஆம் ஆண்டுப் படத்தில் சீன உணவகத்தில் கிடைக்கும் அதிர்ஷ்டக் குக்கீ போன்ற எதுவும் இல்லை. இந்த வகைக் கதைகளுக்கு முன்னோடியான 'வைஸ் வெர்சா' என்ற 1882ஆம் ஆண்டு ஆங்கில நாவலில், தந்தையையும் மகனையும் இடம் மாற்றுவதற்கு இந்தியாவிலிருந்து வந்த கருடக்கல் ஒன்று தேவைப்பட்டது. ராட்ஜர்ஸ் அத்தகைய விளக்கங்களில் ஒரு வரியைக்கூடச் செலவழிக்காமல், முதல் பக்கத்திலேயே அன்னபெல்லைத் தாயின் உடலில் நிறுத்திவிட்டு, அன்றைய வீட்டு வேலைகளை அவள் தலையில் கட்டுகிறார்.

கூடு விட்டுக் கூடு பாய்தல் நமக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் திருமூலர், இறந்துபோன இடையன் மூலனின் உடலுக்குள் புகுந்து, கதறி நின்ற பசுக்களைத் தேற்றி ஊருக்கு ஓட்டிச் செல்கிறார். பசுக்களின் துயரைத் தீர்ப்பது அவருக்கு எளிதாகவே இருக்கிறது. சிக்கல் தொடங்குவது, மூலனின் மனைவி வந்து கணவனை வீட்டுக்கு அழைக்கும்போதுதான். உடலை எடுத்துக்கொண்டவர் அந்த உடலுக்குரிய உறவுகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற அந்த நெருக்கடியைத்தான் ராட்ஜர்ஸ் நகைச்சுவையாக்கியிருக்கிறார். அன்னபெல் விரும்பியது பெரியவர்களுக்குரிய சுதந்திரத்தை. அவளுக்குக் கிடைப்பதோ ஆட்டம் போட்டுப் பழுதாகும் சலவை இயந்திரமும், வாடிக்கையாளர்களை இரவு விருந்துக்கு அழைத்து வருவதாகத் தொலைபேசியில் அறிவிக்கும் கணவரும். அந்தக் கணவர் அவளுடைய சொந்தத் தந்தை. அன்புமிக்க அப்பாவாக மட்டுமே அவள் அறிந்திருந்த மனிதர், மனைவியிடம் எவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறார் என்பதை அன்றுதான் அவள் கேட்கிறாள்.

நாவலின் உச்சம் பள்ளிக் கூட்டம். அன்னபெல்லின் படிப்பைப் பற்றி விவாதிக்க அவளுடைய தாயைப் பள்ளி அழைத்திருக்கிறது. ஆகவே தாயின் உடலில் இருக்கும் அன்னபெல்லே போய் அமர வேண்டியிருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் பள்ளி முதல்வர், உளவியலாளர், ஆங்கில ஆசிரியை. தன் அறிவுத்திறன் எவ்வளவு உயர்ந்தது என்பதையும், தன் மதிப்பெண்கள் எவ்வளவு கேவலமானவை என்பதையும், தன்னை எதிரியாக நினைக்கிறார் என்று தான் நம்பியிருந்த ஆசிரியை உண்மையில் எவ்வளவு வருந்துகிறார் என்பதையும் அவள் அங்கே அறிகிறாள். தன்னைத் தற்காத்துக்கொள்ள ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது. ஏனெனில் அவள் இப்போது அம்மா. சிரிப்பும் சங்கடமும் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் சிறுவர் இலக்கியப் பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை. பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, அவர்கள் முன்னிலையிலேயே மதிப்பெண்களையும் நடத்தையையும் பேசிப் பழகிய சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு இந்த அத்தியாயம் கொஞ்சம் உறைக்கவே செய்யும். "நான் இல்லாதப்ப என் டீச்சரும் இப்படித்தான் பேசுவாங்களா, அம்மா?" என்று மகள் கேட்டாள். அவள் இருக்கும்போது நாங்கள் பேசுவதைவிட அது கனிவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

தம்பி பென் வரும் பகுதியும் இதற்கு ஈடானது. அன்னபெல் அவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'குரங்கு மூஞ்சி'. அம்மாவிடம் பேசுவதாக நினைத்து அவன் மனம் திறக்கும்போது, அந்தப் பெயர் முரட்டுத்தனமாக ஒலிப்பதால் தனக்குப் பிடித்திருக்கிறது என்றும், அக்காவைப் போல அறையை அலங்கோலமாக வைத்திருக்க முயன்றும் தன்னால் முடியவில்லை என்றும் சொல்கிறான். அக்காவுக்குத் தன்னைப் பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவனுக்கு அக்காவைப் பிடிக்கும். ராட்ஜர்ஸ் இந்த இடத்தில் கண்ணீரை வரவழைக்க முயலாமல் அடுத்த கலாட்டாவுக்கு நகர்ந்துவிடுகிறார். அந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மேல்மாடிப் பையன் போரிசின் மூக்கடைப்பை வைத்து எழுதிய நகைச்சுவை, உரக்க வாசித்தால்தான் எடுபடும். அவன் வாயில் 'மீட்லோஃப்' என்ற இறைச்சிப் பண்டம் 'பீட்லோஃப்' ஆகிவிட, அன்னபெல் பீட்ரூட் சமையலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள். மௌனமாகப் படித்தபோது இதைக் கண்டுகொள்ளாத என் மகள், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்துக் காட்டியதும் புரண்டு புரண்டு சிரித்தாள்.

குறைகளும் உண்டு. வீட்டைச் சுத்தம் செய்ய வரும் பெண்மணி முழுக்க முழுக்கக் கேலிச்சித்திரமாகவே வருகிறார். அன்னபெல் மது குடிப்பதாக அவர் பழி சுமத்துகிறார் என்பது உண்மைதான். ஆனால் அவரை ஒரே மூச்சில் வேலையை விட்டு நீக்குவதை வெற்றிக் காட்சியாகவே நாவல் கொண்டாடுகிறது. பணிப்பெண்கள் உடன் வாழும் வீடுகள் நிறைந்த இந்த ஊரில், அந்தப் பக்கங்களைப் பிள்ளையோடு பேசாமல் கடந்துவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய குறை முடிவில் இருக்கிறது. அன்று முழுவதும் மகளின் உடலில் இருந்த தாய் என்ன செய்தார் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது: பல் கம்பியைக் கழற்றச் செய்து, முடியைத் திருத்தி, புதிய உடைகள் வாங்கி, மகளை அழகியாக்கியிருக்கிறார். அம்மாவின் நச்சரிப்பை எதிர்த்து நூல் முழுவதும் முழங்கிய பெண், அம்மா விரும்பியபடியே சீர்செய்யப்பட்ட தோற்றத்துடன் மகிழ்ந்து நிற்கிறாள். அவளிடம் கேட்காமல் அவள் உடலில் செய்யப்பட்ட மாற்றங்களை நாவல் பரிசாகவே பார்க்கிறது. தாயின் அந்த ஒரு நாளை அவர் வாயாலேயே கேட்க முடிந்திருந்தால், இந்த முடிவு இவ்வளவு ஒருதலையாக இருந்திருக்காது. கதை முழுவதையும் அன்னபெல்லே சொல்வதால் அவளுடைய துடுக்கான குரல் நமக்குக் கிடைக்கிறது. அதற்கு விலையாகத் தாயை இழக்கிறோம். திரைப்படங்கள் இருவரின் நாளையும் காட்டுவதால் இந்த ஒரு விஷயத்தில் நாவலை முந்துகின்றன. 1976ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் ராட்ஜர்சே என்பதால், அவருக்கும் இக்குறை தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாமாகவே படிக்கலாம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய நியூயார்க் பேச்சுவழக்கு ஆங்காங்கே தடுக்கும் என்பதால், அதற்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெரியவர் ஒருவர் வாசித்துக் காட்டுவது நல்லது. அப்பாக்கள் தப்பித்துவிட்டதாக எண்ண வேண்டாம்: 1982இல் வெளிவந்த 'சம்மர் ஸ்விட்ச்' என்ற தொடர் நாவலில், அதே வீட்டுத் தந்தையும் பென்னும் உடல் மாறிக்கொள்கிறார்கள்.