வடபழனி அருகே ஒரு போதை மீட்பு மையம்: குடும்ப வகுப்பு எப்படி இருந்தது

முறிந்த காலின் வலிக்காக எழுதித் தரப்பட்ட டேபென்டடால் என்ற ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மாத்திரையை, எலும்பு கூடிய பிறகும் ஓராண்டாக விட முடியாமல் தவித்த என் தம்பியை இம்மையத்தில் சேர்த்திருந்தோம். சாப்பாடும் அறைகளும் குறை சொல்லும்படி இல்லை. சனிக்கிழமைதோறும் குடும்பத்தாருக்கு நடக்கும் வகுப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

மனநல மருத்துவர் நான்கு வாரமும் தாமே வந்து பலகையில் வரைந்து விளக்கினார். நடுமூளையில், ஊக்கத்தையும் இன்ப உணர்வையும் தூண்டும் டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களை, காபா என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் கட்டுக்குள் வைத்திருக்கின்றன; அந்தக் காபா அணுக்களிலுள்ள மியூ ஏற்பிகள் என்னும் ஒட்டுமிடங்களில் ஓபியாய்டு மருந்து போய் ஒட்டிக்கொண்டதும் கட்டு தளர்ந்து, டோபமைன் பெருகி, 'இது மறுபடியும் வேண்டும்' என்ற பாடம் மூளையில் பதிந்துவிடுகிறது. அந்த ஏற்பிகள் உண்மையில் வலியைத் தணிக்க நம் உடலே சுரக்கும் எண்டார்பினுக்கும் என்கெஃபலினுக்கும் உரியவை.

"அப்போ இவன் திமிர்ல பண்ணலையா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா. மாத்திரை இல்லாம அவர் மூளைக்கு நிதானம் வரல."

அன்றிலிருந்து அம்மா அவனைத் திட்டுவதை நிறுத்தினார். நாங்கள் கட்டிய பணத்துக்கு இது ஒன்றே போதும் என்பேன்.

சிகிச்சைக்காக நாக்குக்கடியில் வைக்கத் தரும் புப்ரினார்ஃபின் மருந்து, ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதைதானே என்று மாமா சந்தேகப்பட்டார். அது அதே ஏற்பியை இறுகப் பற்றிக்கொண்டாலும் ஓரளவே தூண்டுகிறது, அதனால் மாத்திரையை நிறுத்தும்போது நோரட்ரினலின் என்ற வேதிப்பொருள் பெருகுவதால் வரும் வியர்வையும் படபடப்பும் அடங்குகின்றன, ஏக்கமும் தணிகிறது என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்.

ஆனால் ஒரு குறையை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சில வாரம் மருந்தை விட்டவருக்கு உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் மியூ ஏற்பிகள் இருப்பதால், முன்பு பழகிய அதே அளவை மீண்டும் எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். உயிரைக் காக்கும் இந்தச் செய்தி, கடைசி வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில், ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிட்ட ஒரு தாளாக வந்தது. இதை முதல் வாரத்திலேயே, தமிழில் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் மொழிபெயர்த்த தாள் இப்போது அம்மாவின் கைப்பையில் இருக்கிறது.

வகுப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. பத்து மணிக்குள் போனால் முன்வரிசையில் இடம் கிடைக்கும்.